ஆசார மூட்டை

அவர் பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னால் வாய் கொப்புளிக்க வேண்டியிருக்கும். என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா முறை. அவ்வளவு போதும். வில்லியனூரில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் நாலு பேரைக் கைகாட்டுவார்கள். 'சீ'க்காரர் வீடு எது என்று கேட்டால் உடனே வழி சொல்லிவிடுவார்கள்.

அந்த 'சீ'யை எழுத்தில் காட்ட முடியாது. முதலில் மேலுதடு மூக்கைத் தொடப் போவதுபோல மடியும். அப்புறம் கண் இடுங்கும். அதற்கப்புறம்தான் சத்தம் வரும், எச்சில் துளியோடு. எதிரில் நிற்கிறவர் மேல் அந்தத் துளி தெறிக்கும். மாமா பாட்டுக்கு விலகிப் போய்விடுவார். துடைத்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

சந்தையிலிருந்து வந்த எதுவும் தண்ணீரில் முங்காமல் அவர் வீட்டு அடுப்படிக்குள் போகாது. கத்தரிக்காய் சரி, கழுவலாம். விறகையும் கழுவச் சொல்லுவார். கழுவின விறகு எரியுமா? புகையும். புகைந்தால் அதற்கும் அக்காவுக்குத்தான் திட்டு. வாங்கின காசைக்கூடப் புளி போட்டு விளக்கி முற்றத்தில் காயவைப்பார்கள். உப்பு ஒன்றுதான் அந்த வீட்டில் தப்பித்தது, அதையும் ஒருதரம் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருப்பார் என்று என் அம்மா சொல்வாள்.

இத்தனை கழுவலுக்கும் அவர் கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் இறைத்தவரில்லை. இறைத்தது, கழுவினது, காயவைத்தது, மடித்தது எல்லாம் அக்கா. அவள் விரல் இடுக்கெல்லாம் சாம்பலும் புளியும் தின்று வெடித்துக் கிடக்கும். சோறு பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். "பாரு, எப்பிடி இருக்குது என் வூடு!" என்று அவர் வருகிறவர்களிடம் பெருமை பேசும்போது நான் அக்காவின் கையைத்தான் பார்ப்பேன்.

சரி, மற்றவர் அழுக்குத்தானே அவருக்கு ஆகாது, தான் ஒழுங்காக இருப்பார் போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூக்குப்பொடி போடுவார். போட்ட கையை வேட்டியில் துடைக்க மாட்டார், வேட்டி சுத்தம். நடுக்கூடத்துத் தூணில் துடைப்பார். அந்தத் தூண் ஆள் உட்கார்ந்த உயரத்துக்குப் பழுப்பேறி, தெரியாமல் சாய்ந்தால் முதுகில் ஒட்டும். கட்டிலடியில் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். காறிக் காறி அதில்தான் துப்புவார். விடிந்ததும் அதை எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, திரும்பக் கட்டிலடியில் வைக்க வேண்டும். மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே அக்கா அதைச் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு அன்று பொறுக்கவில்லை. "இன்னா மாமா, அடுத்தவன் மூச்சு பட்டாக்கூட சீங்கிறீங்க. இது மட்டும் இன்னாவாம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பதுபோலப் பார்த்தார்.

"அது என்னுதுடி" என்றார்.

இந்த ஒரு பதிலில் அந்த மனுஷன் முழுக்க இருக்கிறார்.

ஒருதரம் நிலத் தகராறு ஒன்றுக்காக மேரிக்குப் போக வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசுக்கு எங்கள் பக்கத்தில் மேரி என்றுதான் பேர். அங்கே கிடந்தது ஒரே பெஞ்சு. வந்தவன் எவனாயிருந்தாலும் அதில்தான் உட்கார வேண்டும். மாமா கக்கத்தில் மணையோடு போனார், துணைக்கு என் வீட்டுக்காரரும் போயிருந்தார். மணையைத் தரையில் போட்டு உட்கார்ந்தால் பெஞ்சில் இருக்கிறவர்களுடைய காலடியில் உட்கார்ந்ததாக ஆகிவிடும். பெஞ்சின் மேல் போட்டாலோ மணை தீட்டு. வந்தவனெல்லாம் வேலை முடிந்து போக, பொழுது சாய்கிறவரைக்கும் இவர் மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரில் படாமல் நின்றாராம். என் வீட்டுக்காரர் அதை வயிறு குலுங்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மணையை அன்றைக்குத் தேய்த்துக் கழுவினது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மயிலம் போன கதைக்கு வருகிறேன்.

அக்காவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது கலைந்தபோது அவர், அடுத்த பங்குனி உத்திரத்துக்குத் தம்பதியாக மயிலம் மலைக்கு நடந்தே வருகிறோம், ஆசாரம் கெடாமல் வருகிறோம் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டார். அந்த உத்திரம் வருவதற்குள் அக்கா மறுபடி உண்டாகிவிட்டாள். நாலாம் மாசம். அம்மா அரியூரிலிருந்து ஓடிவந்து மருமகன் எதிரில் நின்று அழுதாள்.

"மாப்பிள்ள, ஒரு மஞ்சத்துணியில காச முடிஞ்சு சாமி படத்துல கட்டிடுங்க. பொறந்தப்புறம் புள்ளையத் தூக்கிக்கினு நடக்கட்டும். மூணாவதும் போச்சுன்னா என் பொண்ணு பொழைக்க மாட்டா, மாப்பிள்ள."

"சாமிகிட்ட தவண கேக்கற ஆளு நான் இல்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நேர்ந்துகொண்டது அவர் வாய், நடக்க வேண்டியது அவள் வயிறு. அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மயிலத்துக்கு நல்ல ரோடு உண்டு. உத்திரத்துக்கு ஜனம் சாரை சாரையாக அதில்தான் போகும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், நிழலுக்குப் புளியமரம். இவருக்கு அந்த ரோடு ஆகவில்லை. கூட்டத்தில் இடிப்பார்கள். அதைவிட முக்கியமான காரணம் வேறே. பிரெஞ்சு எல்லை முடிகிற இடத்தில் இங்கிலீஷ்காரனுடைய சுங்கச் சாவடி இருந்தது. அங்கே சேவகன் போகிறவர் வருகிறவர் மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவுவான். மாமாவின் மூட்டைக்குள் சேவகன் கையா? அதனால் சாவடியைச் சுற்றிக்கொண்டு, செம்மண் காட்டுக்குள்ளே போகிற ஒற்றையடித் தடத்தில் போவது என்று முடிவு செய்தார். அது சாராயமும் துணியும் முதுகில் கட்டிக்கொண்டு களவாய்க் கடத்துகிறவர்கள் போகிற தடம். ஆசாரத்தைக் காப்பாற்ற இவருக்குத் திருட்டு வழிதான் கிடைத்தது!

அந்தத் தடம் தெரிந்தவள் அஞ்சலை. அவர் நிலத்தில் நடவு நடுகிறவள். அவள் புருஷன் அந்த வழியாகச் சரக்குத் தூக்குகிறவன். அவள் முன்னால் போக வேண்டும், கூப்பிடு தூரம் விட்டு நாங்கள் பின்னால் போக வேண்டும் என்று ஏற்பாடு.

மூட்டையைச் சொல்ல வேண்டும். மூன்று தரம் துவைத்த வேட்டி, அக்காவுக்குச் சேலை, அரிசி, பருப்பு, இரும்பு அடுப்பு, வெண்கலப் பானை, உட்கார மணை, போகிற இடத்துக் கிணற்றுத் தோண்டி ஆகாது என்பதால் வீட்டுத் தோண்டி, அதற்குத் தாம்புக் கயிறு. எல்லாவற்றையும் ஒரு ஜமக்காளத்தில் போட்டுக் கட்டியது. அது தலையில். இடுப்பில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பித்தளைக் குடம், வாய்க்குத் துணி கட்டி. ஆசார மூட்டையைக் குளித்து முழுகினவள்தான் தொடலாம், அதாவது அக்கா. என்னையாவது தொட விட்டிருப்பார். ஆனால் புறப்படும்போது தேரடிப் பந்தலில் யாரோ மோர் கொடுத்தார்கள் என்று நான் மொந்தையில் வாய்வைத்துக் குடித்துவிட்டேன்.

"சீ! ஊர் எச்சில்ல வாய் வெச்சவ. மூட்டப் பக்கம் வராத" என்றார்.

ஆக, வயிற்றுப்பிள்ளைக்காரி தலையிலும் இடுப்பிலும் சுமந்து நடக்க, நான் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் எதைத் தூக்கினார் என்று கேட்கிறீர்களா? ஒரு மூங்கில் கழி. அதன் நுனியில் அவருடைய துவைத்த துண்டு, யார் மேலும் படாமல் கொடிபோலப் பறந்தது.

காலையில் ஆற்று மணலில் நடந்தபோது நன்றாகத்தான் இருந்தது. முன்னால் போனவர்கள் மணலைத் தோண்டி ஊற்று எடுத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அஞ்சலை குடித்துவிட்டுப் போனாள். அவள் நகர்ந்த பிறகு நானும் இன்னொரு ஊற்றில் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். அக்கா நின்று என்னைப் பார்த்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கினது தெரிந்தது.

"கழுத நடக்கற ஆறு. சீ" என்றார் அவர். அக்கா நடந்தாள்.

ஆற்றை விட்டுக் காட்டுக்குள் ஏறினால் அப்புறம் அந்தத் தடத்தில் மயிலம் வரைக்கும் ஊரும் இல்லை, கிணறும் இல்லை. மழை அரித்து அரித்து செம்மண் பள்ளம் பள்ளமாகப் பிளந்து கிடக்கும். இறங்கி ஏற வேண்டும், இறங்கி ஏற வேண்டும். இரண்டு பக்கமும் சூரைமுள், கள்ளி, எங்காவது ஒரு முந்திரி. பங்குனி வெயில் மேலேயிருந்து ஒரு பங்கு என்றால் சரளைக் கல்லிலிருந்து ஒரு பங்கு. அஞ்சலை மிதித்த தடத்தில் மிதிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அதனால் தடத்தை விட்டு முள்ளுக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கொக்குபோல வந்தார். அக்காவையும் அப்படியே வரச் சொன்னார். அவர் தலை அந்தப் பக்கம் திரும்பினதும் அவள் தடத்துக்கு வந்துவிடுவாள், திரும்பிப் பார்த்தால் முள்ளுக்குப் போய்விடுவாள். அந்தக் காலில் எத்தனை முள் ஏறினது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

திருவக்கரைப் பக்கம் மரங்களெல்லாம் கல்லாகி விழுந்து கிடக்கின்றன. பெரிய பெரிய துண்டு, பட்டைக்கோடு அப்படியே தெரியும். அக்காவுக்குக் கால் தள்ளாடியது. ஒரு கல்மரத்தில் உட்காரப் போனாள்.

"குந்தாத! அரக்கன் எலும்புன்னு சொல்றாங்க அத. எலும்புல குந்துவியா? சீ!"

"கல்லு மாமா அது" என்றேன் நான்.

"உன்ன யாரு கேட்டா?"

அக்கா நின்றபடியே மூச்சு வாங்கினாள்.

தண்ணீர் போன விதத்தைக் கேளுங்கள். முக்கால்வாசி நாளுக்கு வரவேண்டிய குடம். முள்ளுக்குள் நடந்தவர் ஆட்டுப் புழுக்கையை மிதித்தார். "ஊத்து" என்றார். அக்கா குடத்தைச் சாய்த்து அவர் காலில் ஊற்றினாள். ஒரு கால் ஆனதும் மறு காலையும் நீட்டினார். அப்புறம் பொடி போட்டார், விரலைக் கழுவ ஊற்றினாள். பாதிக் குடம் அப்படிப் போனது. அக்கா குடிப்பதற்கு அவர் முதலில் குடிக்க வேண்டும். அவருக்கு இன்னும் தாகம் வரவில்லை.

உச்சிவேளையில் ஒரு முந்திரியடியில் நின்றோம். மேலே இருந்த காக்கை எச்சமிட்டது. நேராகக் குடத்தின் தோளில் விழுந்தது. வாய்க்குத் துணி கட்டியிருந்தது, உள்ளே ஒரு பொட்டுப் படவில்லை. அக்கா அவசரமாக முந்தானையால் துடைக்கப் போனாள்.

"கவுத்துடு" என்றார்.

"மேலதாங்க பட்டுது. உள்ள சுத்தமா கீது."

"கவுத்துடுன்னன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கவிழ்த்தாள். அந்த மண் எவ்வளவு தாகத்தோடு இருந்ததோ, சுர்ரென்று இழுத்துக்கொண்டது. ஈரம் படிந்த இடத்தில் எறும்பு வந்தது. நான் அங்கேயே அவரைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் கை பரபரக்கிறது. காலிக் குடத்தை அக்கா மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு பள்ளம் இறங்கி ஏறியிருப்போம். மூன்றாவது ஏற்றத்தில் அக்கா மூட்டையோடு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். முகம் சாம்பல் பூத்துவிட்டது. உதட்டில் வெள்ளையாகக் காய்ந்த எச்சில். அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இழுக்குதுடி" என்றாள் என்னிடம். முன்னே இரண்டு தரமும் இப்படி இழுப்பில்தான் ஆரம்பித்தது. சுற்றிலும் பார்த்தேன், செம்மண்ணும் முள்ளும்தான்.

நான் போட்ட கூச்சலில் அஞ்சலை திரும்பி ஓடிவந்தாள். அவள் தலையில் ஒரு மண் கலயம், அதில் அவளுடைய அன்றைய ஆகாரம், உப்புப் போட்ட நீராகாரம். கேட்கவில்லை, யோசிக்கவில்லை. கலயத்தை இறக்கி அக்காவின் எதிரில் வைத்தாள்.

"குடிம்மா. நீச்சத்தண்ணி. வயிறு குளுந்தா இழுப்பு நிக்கும்."

"சீ!" என்றார் அவர். எத்தனையோ 'சீ' கேட்டிருக்கிறேன், அந்த மாதிரி ஒன்று கேட்டதில்லை. "அதுல வாய் வெச்சியோ, அப்பால என் வூட்டுக்குள்ள நீ கால் வெக்கக் கூடாது. சொல்லிட்டன்."

"மாமா, புள்ள போயிடும்!" என்று கத்தினேன்.

"மலைக்குப் போயிட்டா எல்லாம் சரியாப் பூடும். எழுந்திரு."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை அதில். கழுவின விறகை எரியுமா என்று பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை. பிறகு கலயத்தை இரண்டு கையாலும் தூக்கி, விளிம்பில் வாயை வைத்தாள். ஒரு மடக்கு. கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு மடக்கு. மூன்றாவதுக்கு வாய் கொண்டுபோனவள் அஞ்சலையைப் பார்த்து, அவளுக்கு வேண்டுமே என்று நிறுத்திக்கொண்டாள்.

நீராகாரத்தின் புளிச்ச வாசனை அந்த வெயிலில் பரவியது. அக்கா வீட்டுக்காரர் கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது. அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தக் காட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்? குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து வாய்க்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"ஊத்து" என்றார் அக்காவிடம்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை.

"நீ ஊத்துடி. பொஞ்சாதி கையால ஊத்தனா தோஷமில்ல. தூக்கி ஊத்து, படாம."

ஊற்றினாள். குடித்தார். கடகடவென்று, மாடு குடிக்கிற சத்தத்தோடு. தாடையில் வழிந்தது, நெஞ்சில் பருக்கை ஒட்டினது. நிறுத்தவே இல்லை. கலயத்தை முழுக்கச் சாய்க்கச் சொல்லி, அடியில் கிடந்த சோற்றுப் பருக்கையையும் கையில் விழவைத்து வாயில் போட்டுக்கொண்டார். அஞ்சலையின் ஒருநாள் ஆகாரம், உள்ளே போய்விட்டது. எழுந்து, ஒரு ஏப்பம் விட்டார். அந்த ஏப்பம் என் முகத்தில் வந்து மோதியது.

"கலயத்த இன்னா செய்யட்டும் ஆண்டே?" என்றாள் அஞ்சலை. முகத்தில் ஒன்றுமே இல்லை. "அம்மா எச்சிலு பட்டுப்போச்சே. இனிமே நான் இதுல குடிக்கலாமா?"

அவர் அக்காவைப் பார்த்து, "போலாம். ஆனா சொன்னது சொன்னதுதான். கோயிலுக்கு வெளியவே நில்லு. வூட்டுக்கு வர முடியாது" என்றார்.

"நீங்களும்தான குடிச்சீங்க" என்றேன் நான்.

"நான் வாய் வெக்கல. கையில வாங்கனன். வாய் வெச்சது அவ."

அக்கா மெல்ல எழுந்தாள். இழுப்பு விட்டிருந்தது, நிறம் திரும்பியிருந்தது. புடவையை உதறிக்கொண்டாள்.

"அப்ப நான் தீட்டுதான?" என்று கேட்டாள்.

"பின்ன?"

"தீட்டுக்காரி இந்த மூட்டையத் தொடலாமா?"

அவர் என்னைப் பார்த்தார்; நான் ஊர் மொந்தையில் வாய் வைத்தவள். அஞ்சலையைப் பார்க்கவே இல்லை. மூட்டை செம்மண்ணில் உட்கார்ந்திருந்தது. அக்கா அதைச் சுற்றி, முந்தானை படாமல் ஒதுங்கிக் கால் வைத்து, தடத்தில் ஏறி நடந்துவிட்டாள். நானும் அஞ்சலையும் அவளோடு நடந்தோம். அக்காவை நடுவில் விட்டுக்கொண்டோம்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்தக் காட்சிக்காக நான் இன்னொரு தரம் மயிலம் நடப்பேன். மூட்டையைத் தலைக்குத் தூக்கத் தெரியவில்லை, சும்மாடு கட்டத் தெரியவில்லை. முதுகில் போட்டுக்கொண்டு முடிச்சை மார்பில் பிடித்திருந்தார். சரக்குக் கடத்துகிறவன் அப்படித்தான் தூக்குவான். இரும்பு அடுப்பு முதுகெலும்பில் இடிக்க, தோண்டி இடுப்பில் மோத, மணை பக்கவாட்டில் துருத்திக்கொண்டு முள்ளில் மாட்ட, ஒரு கையில் காலிக் குடம், கக்கத்தில் அந்தக் கொடிக் கம்பு. ஒவ்வொரு பள்ளத்திலும் உட்கார்ந்து எழுந்து வந்தார். முள்ளுக்குள் நடக்கிற ஆசாரமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அஞ்சலை மிதித்த தடத்திலேயே, அடி மேல் அடி வைத்து வந்தார்.

மலையடிவாரத்தில் ஜனம் நெரிந்தது. மூட்டையை இறக்கி வைக்க யார் காலும் படாத ஒரு சாண் இடம் தேடினார். உத்திரத்தன்று மயிலத்தில் அப்படி ஓர் இடம் ஏது? முதுகில் சுமையோடு ஒரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா கீழே இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பந்தலில் மோர் வாங்கி, மொந்தையில் வாய் வைத்து, நிதானமாகக் குடித்தாள். அஞ்சலைக்கு அன்னதானத்தில் கலயம் நிறையச் சோறு வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் நாங்கள் மூவரும் வந்தது ரோட்டு வழியாக. சாவடியில் சேவகன், "மூட்ட எங்க?" என்றான். "இல்ல" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவள் வில்லியனூருக்குப் போகவில்லை. நேரே அரியூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அஞ்சலைக்கும் அவர் நிலத்தில் வேலை போயிற்று, எங்கள் அப்பா நிலத்துக்கு வந்தாள். எங்கள் வீட்டிலும் அவள் கொல்லைப்பக்கமாகத்தான் வருவாள். நாங்கள் பெரிய யோக்கியர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆவணிக் கடைசியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. தங்கிவிட்டது. நல்ல குரல், ஊரைக் கூட்டும்.

அக்காவின் புடவைகளை எடுத்துவர நான் ஒருநாள் வில்லியனூர் போனேன். வாசலிலேயே நாற்றம் அடித்தது. கிணற்றடி பச்சையாகப் பாசி பிடித்துக் கிடந்தது. பித்தளையெல்லாம் களிம்பேறியிருந்தது. எச்சில் இலைகள் முற்றத்து மூலையில் மட்கிப் புழுத்திருந்தன. வேலைக்கு ஆள் வைக்க முடியாது, யார் கையும் ஆகாது. தன் கைக்கோ பழக்கமில்லை. கட்டிலடியில் கொட்டாங்கச்சி நிறைந்ததும் அதை நகர்த்திவிட்டு வேறு ஒன்று வைத்திருக்கிறார். அப்படியே சுவரோரமாக வரிசையாகக் கொட்டாங்கச்சி. மேலே ஈ. நடுவில் அவர் மணை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? உங்கக்கா பண்ண வேலைய" என்றார்.

புடவையை எடுக்காமலே ஓடிவந்தேன். தெருமுனையில் வாந்தி எடுத்தேன்.

அதற்கப்புறம்தான் அவர் அரியூருக்கு வந்தார். மகளைப் பார்க்க வந்தார் என்று அம்மா நம்பினாள். வாசலுக்கு வெளியே, படியில் கால் படாமல் நின்றார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையை ஒருதரம் பார்த்தார். "பொண்ணா" என்றார். இடுப்பிலிருந்து ஒரு சுருணைத் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பொன் ஊசி. ஆசாரம் கெட்டவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள, ஊசியைக் காய்ச்சி நாக்கில் சூடு போடுவது எங்கள் ஜனத்தில் அப்போது இருந்த பழக்கம்.

"பங்காளிங்ககிட்ட கேட்டுட்டன். இத நெருப்புல காய்ச்சி உன் நாக்குல ஒரு இழுப்பு. அவ்ளோதான், தீட்டு போயிடும். இன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாம். கெணத்தடி வேற பாசி புடிச்சுக் கெடக்குது."

அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். கொல்லைப்பக்கமிருந்து அஞ்சலையும் எட்டிப் பார்த்தாள்.

அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி அவர் எதிரில் போய் நின்றாள்.

"சரி, காய்ச்சுங்க. மொதல்ல யாருக்கு?"

"இன்னா மொதல்ல யாருக்கு?"

"ஒரே கலயந்தானங்க. நான் குடிச்சது ரெண்டே மடக்கு. மீதி பூரா உங்க நாக்குலதான் எறங்குச்சு, என் கையாலதான ஊத்தனன்." தெருவுக்குக் கேட்கிறமாதிரிதான் சொன்னாள். "கையில வாங்கனீங்க, சரி. கையா குடிச்சுது? எங்க, வாயத் தொறங்க. உங்களுக்கு மொதல்ல போட்டுட்டு அப்புறம் எனக்குப் போடலாம்."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மேலுதடு மட்டும் அந்தப் பழைய இடத்துக்குப் போய் மடிந்து நின்றது, கண் இடுங்கிற்று. வழக்கமானதைச் சொல்லத்தான் துடித்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் 'சீ' என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.